தோட்ட வாரியமும் தாம்பரத்துப் பாத்திகளும்

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவர்களைப் பார்க்க வருகிறவர்களில் பெரும்பாலோர் குடவோலையைத் தேடித்தான் வருகிறார்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் பொறித்த அந்த இரண்டு கல்வெட்டுகள் ஊர்ச்சபைத் தேர்தலின் சாசனம் என்று பள்ளிப் பாடத்திலேயே படித்துவிடுகிறோம். தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் பிறகு என்ன வேலை பார்த்தார்கள் என்பதைப் பாடம் அவசரமாகத் தாண்டிப் போய்விடும். சம்வத்சர வாரியத்துக்கு, அதாவது ஆண்டுக் குழுவுக்கு, 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர். ஏரியைப் பார்த்துக்கொள்ள ஆறு பேர் போதும், தோட்டத்துக்கு அதைப் போல இரண்டு மடங்கு வேண்டும் என்று கணக்குப் போட்டவர்கள் எங்கோ பட்டுத் தெளிந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

தாம்பரத்தில் பேருந்து ஏறினால் செங்கல்பட்டு வழியாக உத்திரமேரூர் இரண்டு மணி நேரப் பயணம். அந்தக் கல்வெட்டைத் தாம்பரத்துக்காரர்கள் இன்னொரு காரணத்துக்காகவும் ஒருமுறை படித்துப் பார்க்கலாம். சேலையூர், சிட்லபாக்கம், குரோம்பேட்டை, பம்மல் பக்கம் அடுக்ககத்து மொட்டைமாடியிலோ, குடியிருப்போர் நலச் சங்கம் பார்த்துக்கொள்ளும் பூங்காவின் ஒரு மூலையிலோ பத்துக் குடும்பங்கள் சேர்ந்து காய்கறி போட்டால், முதல் பருவத்தில் கிளம்பும் கேள்விகள் எங்கும் ஒன்றுதான். இன்றைக்குத் தண்ணீர் விடுவது யார்? ஊருக்குப் போனவருடைய பாத்தியை யார் பார்ப்பது? விதைக்கும் எருவுக்கும் வாங்கிய பணத்துக்குக் கணக்கு எங்கே? முதலில் காய்த்த நாலு கத்தரிக்காய் எந்த வீட்டுக்கு? மாவுப்பூச்சி தின்று அழிந்த கூட்டுத் தோட்டங்களை விட, இந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லாமல் காய்ந்து போனவையே அதிகம் இருக்கும்.

உத்திரமேரூர்ச் சபையார் இவற்றில் பலவற்றை முன்கூட்டியே யோசித்திருக்கிறார்கள். ஊர் 30 குடும்புகளாகப் பிரிந்திருந்தது. குடும்பு என்பது ஏறக்குறைய இன்றைய வார்டு. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். வயது 35-க்கு மேல், 70-க்குள். பதவிக் காலம் 360 நாள். கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் மறுபடி வர முடியாது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவருக்கு இடமே இல்லை. அவருடைய நெருங்கிய உறவினர்களையும் தள்ளி வைத்துவிட்டார்கள். மைத்துனன் பெயரில் மறுபடி நுழைகிற வித்தை அன்றைக்கும் இருந்திருக்கிறது என்பது அந்த உறவுப் பட்டியலின் நீளத்தைப் பார்த்தாலே தெரியும். சம்வத்சர வாரியத்துக்கு ஆள் எடுக்கும்போது, முன்பு தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் வேலை பார்த்தவர்களுக்கே முதலிடம். தோட்டத்தில் பழகிவிட்டு மேலே வா என்பது முறை.

இதைப் படித்துவிட்டு அந்தக் கால ஜனநாயகம் என்று மெய்சிலிர்ப்பது கொஞ்சம் அதிகப்படி. உத்திரமேரூர் ஒரு சதுர்வேதிமங்கலம். பிராமணர்களுக்கு அளித்த ஊர். குடத்தில் ஓலை விழ வேண்டுமானால் கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும், வேதப் படிப்பும் வேண்டும். பெண்களுக்கும், மண்வெட்டி பிடித்தவர்களுக்கும் அந்தக் குடத்தில் ஓலை கிடையாது. தோட்டத்தை மேற்பார்த்தவர்கள் பெயர் கல்லில் ஏற வழி இருந்தது. கொத்திக் களையெடுத்தவர்கள் யார் என்பதைக் கல் சொல்லவில்லை. அவர்கள் தோட்டத்தில் மிளகாயும் தக்காளியும் இருந்திருக்காது என்பதை மட்டும் நிச்சயமாகச் சொல்லலாம். இரண்டும் அமெரிக்கக் கண்டத்துச் செடிகள்; போர்ச்சுக்கீசியர் கப்பல் வந்த பிறகு இந்தக் கரைக்கு வந்தவை. இன்று மொட்டைமாடித் தோட்டம் என்றதும் எல்லோரும் முதலில் விதைப்பது அந்த இரண்டையும்தான்.

தாம்பரத்தைச் சுற்றியுள்ள ஊர்களின் கதை வேறு தடத்தில் போனது. சேலையூர், இராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம், சிட்லபாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை என்று ஊருக்கு ஓர் ஏரி. மேட்டு ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால் அடுத்த ஏரிக்கு. கிழக்கே சரியும் தண்ணீர் கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்புக்கு. ஏரியின் கீழ் நஞ்சை, அதில் நெல். காய்கறி விளைந்த இடம் ஏரிப் பாசனத்துக்கு வெளியே: கிணற்றில் ஏற்றமோ கவலையோ போட்டு இறைத்த தோட்டக்கால் நிலமும், வீட்டுக்குப் பின்னால் இருந்த கொல்லையும். நெல் ஊரோடு சேர்ந்தது. அவரைப் பந்தலும் சுரைக்கொடியும் வீட்டோடு சேர்ந்தவை.

எனவே பொது விதி எல்லாம் தண்ணீரைச் சுற்றியே வளர்ந்தது. மதகைத் திறந்து மூட ஒரு நீர்க்கட்டி, அவருக்குக் களத்தில் அளக்கும் பங்கு, மழைக்கு முன் வரத்துக் கால்வாயைத் தூர்வார வீட்டுக்கு ஓர் ஆள். இந்தக் குடிமராமத்து வழக்கம் தளர்ந்து போனபோது, அதைச் சட்டத்தால் இழுத்துக் கட்டப் பார்த்தது கம்பெனி அரசு: 1858-ஆம் ஆண்டின் முதல் சட்டம், சென்னை மாகாணக் கட்டாய உழைப்புச் சட்டம். மனமொப்பிச் செய்த வேலையும் சாதிக் கட்டாயத்தால் செய்த வேலையும் அந்த ஒரே வழக்கத்துக்குள் கலந்து கிடந்தன. இரண்டையும் பிரிக்காமல் சட்டம் போட்டதால் அது பெரிதாக எதையும் சாதிக்கவில்லை. தண்ணீரைச் சேர்ந்து காக்கும் பழக்கம் இப்படித் தேய்ந்த அந்த ஊர்களில், காய்கறியைச் சேர்ந்து விளைவிக்கும் பழக்கம் வேர்விட்டதே இல்லை. இன்றைய கூட்டுத் தோட்டக்காரர்கள் ‘பாட்டன் காலத்து வழக்கத்துக்குத் திரும்புகிறோம்’ என்று சொல்லும்போது அது முழு உண்மை ஆகாது. பாட்டன் காலத்தில் ஏரி பொது, கொல்லை தனி. கொல்லைப் பயிரை ஏரி போல நடத்தப் பார்ப்பது இந்தப் பகுதிக்குப் புதிய காரியம்.

கொல்லைக்கும் ஒரு பொற்காலம் இருந்தது. அதைக் கொண்டு வந்தது ரயில். 1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியதும், அதுவரை ஏரியும் பனையும் பாறையுமாக இருந்த இடங்களில் மனை விற்பனை சூடு பிடித்தது. அதற்கு முன்பே, 1912-இல் ஜி.ஏ. சேம்பர்ஸ் தொடங்கிய குரோம் லெதர் தொழிற்சாலை பல்லாவரத்துக்குத் தெற்கே ஒரு ஊரையே உண்டாக்கியிருந்தது. 1928-இல் டாக்டர் டேவிட் சௌரி முத்து தாம்பரத்தில் காசநோய்ச் சானடோரியம் திறந்தார். இங்கிலாந்தின் மெண்டிப் மலையில் சானடோரியம் நடத்தியவர் அவர்; 1917-இல் கணித மேதை ராமானுஜன் அங்கே நோயாளியாகத் தங்கியிருந்தார். மருந்து கண்டுபிடிக்கப்படாத அந்தக் காலத்தில் திறந்த வெளிக் காற்றும் நல்ல உணவும்தான் வைத்தியம். இங்கிலாந்தின் ஃபிரிம்லி சானடோரியத்தில் மார்க்கஸ் பேட்டர்சன் என்ற மருத்துவர், தேறி வருகிற நோயாளிகளை அளவு வைத்து மண்வெட்டி பிடிக்கச் சொன்னார். தோட்ட வேலை மருத்துவச் சீட்டில் ஏறிய காலம் அது.

1937-இல் சென்னைக் கிறித்துவக் கல்லூரி ஜார்ஜ் டவுனை விட்டுச் சேலையூர்க் காட்டுக்கு வந்தது. வந்தவர்களில் ஒருவர் வேதியியல் பேராசிரியர் எட்வர்டு பார்ன்ஸ். அவரும் அவர் மனைவி ஆலிசும் வளாகத்தில் மரம் வளர்ப்பதையே ஒரு வேலையாக எடுத்துக்கொண்டார்கள். புதர்க்காடும் சரளை மண்ணும் நிறைந்த அந்த இடம் இன்று எப்படி இருக்கிறது என்பதை வேளச்சேரி சாலையில் போகிறவர்கள் மதில் மேலாகவே பார்க்கலாம். தாம்பரத்து மண்ணில் எதையும் நடுவதற்கு முன் குழியை மண்ணால் நிரப்ப வேண்டும் என்பது அங்கே வேலை செய்த யாருக்கும் தெரிந்திருக்கும். கடப்பாறை இறங்கினால் தட்டுவது பல்லாவரத்துப் பாறை.

ரயிலடிக் காலனிகளின் வீடு ஒரு கிரவுண்டு மனையில் எழுந்தது. கிரவுண்டு என்றால் 2,400 சதுர அடி. முன்னால் நந்தியாவட்டை, பக்கத்தில் கிணறு, பின்னால் கொல்லை. குளித்த தண்ணீர் வாழைக்கு, பாத்திரம் கழுவிய தண்ணீர் கறிவேப்பிலைக்கும் சேம்புக்கும். முருங்கை வேலியோரம், அவரை பந்தலில், பூசணி கூரைமேல். இந்தக் கொல்லை எந்த வேளாண்மைப் புள்ளிவிவரத்திலும் ஏறியதில்லை. அதை நடத்தியவர்கள் வீட்டுப் பெண்கள் என்பதும் அதற்கு ஒரு காரணம். விதைப் பரிமாற்றம் சுவருக்கு மேலே நடந்தது. கொல்லை தனித்தனி என்றாலும், விதையும் நாற்றும் பக்கத்து வீட்டோடு பொதுவாகவே இருந்தன.

அரசாங்கம் இந்தக் கொல்லையை முதன்முதலாகத் திரும்பிப் பார்த்தது போர்க் காலத்தில். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனது. ஆண்டுக்குப் பத்து லட்சம் டன்னுக்கு மேல் வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்றது. ஏப்ரலில் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்ததும் சென்னை நகரமே மூட்டை கட்டத் தொடங்கியது. அந்த ஆண்டில் பிறந்ததுதான் ‘அதிக உணவு உற்பத்தி’ இயக்கம். பிரிட்டனில் பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் கொத்தி உருளைக்கிழங்கு போட்ட இயக்கம் அதற்கு முன்னோடி. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. பிரிட்டனில் 1908-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியே, கேட்கிறவர்களுக்கு வாடகைப் பாத்தி ஏற்பாடு செய்து கொடுப்பது உள்ளாட்சியின் கடமையாக இருந்தது. ஒருவருக்கு வழக்கமான அளவு பத்துக் கோல், அதாவது சுமார் 250 சதுர மீட்டர். நம் கிரவுண்டு 223. தாம்பரத்தில் ஒரு குடும்பம் வீடே கட்டிக்கொள்கிற இடத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக, அங்கே ஒரு தொழிலாளிக்குக் காய்கறி போடவே கிடைத்தது. சென்னை மாகாணத்தில் அப்படி நிலமும் இல்லை, சட்டமும் இல்லை. சுவரொட்டியும் விதைப் பொட்டலமும் இருந்தன. விடுதலைக்குப் பின்னும் தொடர்ந்த அந்த இயக்கத்தை 1952-இல் வி.டி. கிருஷ்ணமாச்சாரி தலைமையிலான குழு ஆராய்ந்து, துண்டு துண்டான வேலையால் பயனில்லை, கூடவே நின்று சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டும் என்றது. அதிலிருந்து 1953-இல் தேசிய விரிவாக்கச் சேவை வந்தது. 1965-இல் உணவுப் பஞ்சம் மறுபடி மிரட்டியபோது பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி தம் வீட்டுப் புல்வெளியிலேயே ஏர் ஓட்டிப் பயிரிட்டார். படம் நன்றாக எடுபட்டது.

கொல்லையை ஒழித்தவை பஞ்சமோ பூச்சியோ கிடையாது. மனையின் விலை ஒழித்தது, அடுத்தபடி கிணறு. குரோம்பேட்டை, பல்லாவரம், பம்மல் பக்கம் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு நிலத்தடி நீரை உப்பாக்கியது. 1990-களில் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் வந்த பிறகும் கெட்டுப்போன கிணறுகள் சட்டென்று தேறிவிடவில்லை. தனி வீடுகள் இடிந்து நான்கு வீடு, எட்டு வீடு அடுக்ககம் ஆயின. கொல்லை கார் நிறுத்தும் இடமாயிற்று. சேர்ந்து பயிரிடுவதைப் பற்றிய பேச்சே இதற்குப் பிறகுதான் எழ முடிந்தது. தனிக் கொல்லை இருந்தவரை யாருக்கும் கூட்டுத் தோட்டம் தேவைப்படவில்லை.

இந்தப் புறநகரில் சேர்ந்து செய்த வேலைக்கு நல்ல முன்மாதிரி, காய்கறியிலிருந்து வராமல் குப்பையிலிருந்து வந்தது. 1994-இல் பம்மல் சங்கரா நகரில் மங்களம் பாலசுப்பிரமணியனும் அக்கம்பக்கத்துப் பெண்களும் தெருக் குப்பையைத் தாங்களே பிரித்து, மக்கும் குப்பையை மண்புழு உரமாக்கத் தொடங்கினார்கள். வீட்டுக்கு இவ்வளவு என்று மாதப் பணம், வண்டி தள்ள ஆள், சம்பளம், கணக்கு என்று முறைப்படுத்திக்கொண்டார்கள். அது வளர்ந்து ‘எக்ஸ்னோரா கிரீன் பம்மல்’ ஆனது. தாம்பரத்துச் சரளை மண்ணுக்கும் தோல் ஆலை ஊரின் கெட்ட தண்ணீருக்கும் எரு எவ்வளவு அவசியம் என்பதை நினைத்தால், தோட்டத்துக்கு முன் குப்பையைக் கையிலெடுத்தது சரியான வரிசை என்று தோன்றும். கணக்கு எழுதுவது முதல் மாதத்திலேயே தொடங்கியதால்தான் அந்த முயற்சி இத்தனை ஆண்டு நின்றது என்பது இந்தக் கட்டுரையாளரின் ஊகம். உத்திரமேரூர்ச் சபையார் கேட்டால் தலையாட்டுவார்கள்.

தமிழக அரசு 2013-14-இல் சென்னையிலும் கோவையிலும் ‘நீங்களே செய்து பாருங்கள்’ மாடித் தோட்டத் தளைகளை அறிமுகப்படுத்தியது. 2,650 ரூபாய்ப் பொருள், பாதி மானியம் போக 1,325. தென்னை நார்க்கழிவு அடைத்த பைகள், விதை, உயிர் உரம். 2021 டிசம்பரில் வந்த அடுத்த திட்டத்தில் 900 ரூபாய்த் தளை 225 ரூபாய்க்கே கிடைத்தது. இடையில் 2020 மே மாதம் கொரோனாவால் கோயம்பேடு சந்தை மூடப்பட்டு திருமழிசைக்கு மாறியபோது, காய்கறி வரும் ஒரே வழி அடைபட்டால் என்ன ஆகும் என்று நகரம் ஒருமுறை பார்த்துவிட்டது. திட்டங்கள் நல்லவைதான். இரண்டும் ஆளுக்கு இத்தனை தளை என்று தனி வீட்டைக் குறிவைத்தவை. பத்துக் குடும்பம் ஒரே மாடியில் வைத்தால் யார் பொறுப்பு என்பதற்கு அவற்றில் இடமில்லை.

சிங்கப்பூரில் அதற்கு இடம் வைத்தார்கள். அங்கே தேசியப் பூங்காக் கழகம் 2005-இல் தொடங்கிய ‘கம்யூனிட்டி இன் புளூம்’ திட்டத்தில், அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கீழே குடியிருப்பாளர் குழுக்கள் தோட்டம் போடுகின்றன. பின்னர் வந்த வாடகைப் பாத்தித் திட்டத்தில் ஒருவருக்கு இரண்டரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலத்தில் ஒரு மேட்டுப்பாத்தி; குத்தகை மூன்று ஆண்டு. பராந்தகன் கல்வெட்டிலும் அதே மூன்று. ஒருவரே பிடித்துவைத்துக்கொள்ளக் கூடாது என்ற எண்ணம் எங்கே முளைத்தாலும் கிட்டத்தட்ட இந்த எண்ணில்தான் வந்து நிற்கும் போலிருக்கிறது. நம் பக்கம் நிலம் அறவே இல்லை என்றும் சொல்ல முடியாது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகள் பத்தில் ஒரு பங்கைப் பொது வெளியாக உள்ளாட்சிக்குத் தானமாக எழுதித் தர வேண்டும் என்பது விதி. 2021-இல் பல்லாவரம், பம்மல், செம்பாக்கம், சிட்லபாக்கம் உள்ளிட்டவை சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆனபோது, அந்தத் துண்டு நிலங்கள் எல்லாம் ஒரே கைக்கு வந்தன. சில பூங்கா, சில வேலி போட்ட முட்புதர், சிலவற்றில் யாரோ குடியிருக்கிறார்கள்.

முதல் பருவத்துக்காரர்களை ஏமாற்றுவதில் பழமொழிக்கும் பங்குண்டு. ‘ஆடிப் பட்டம் தேடி விதை’ என்று ஜூலை கடைசியில் விதைக்கிறார்கள். வெண்டை 45 நாளில் காய்த்துவிடும், தப்பிக்கும். நாற்றுவிட்டு நட்ட கத்தரியும் தக்காளியும் முதல் காய்ப்புக்கு வரும் வேளை ஐப்பசி பிறக்கிறது. சென்னைக்கு ஆண்டில் பெய்கிற 1,400 மில்லிமீட்டர் சொச்சத்தில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடும். 2015 டிசம்பர் 2 காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவானது 49 செ.மீ. அந்த அளவு தினம் வராது. அதில் கால்வாசி பெய்தாலும் தரைமட்டப் பாத்தியில் வேர் அழுகும். வடிகால் துளை அடைபட்ட பையில் செடி மிதக்கும். கீரை தவிர எல்லாவற்றுக்கும் மேட்டுப்பாத்தி என்பதும், நார்க்கழிவைப் பலமுறை ஊறவைத்து உப்பை வடித்த பிறகே பையில் நிரப்ப வேண்டும் என்பதும் இங்கே ஒரு பருவம் தோற்றவர்கள் எல்லோரும் சொல்வது. வெண்டை இலை மஞ்சள் நரம்போடினால் மருந்து தேடிப் பயனில்லை. வெள்ளை ஈ பரப்பும் தேமல் நோய் அது; செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்த வேண்டும். கூட்டுத் தோட்டத்தில் இதுவே ஒரு பஞ்சாயத்து. தன் செடியைப் பிடுங்க யார் ஒப்புக்கொள்வார்கள்? அதற்கு வாக்கெடுப்பு நடத்திக்கொண்டிருந்தால் ஒரு வாரத்தில் எல்லார் பாத்தியும் மஞ்சள்.

மழை ஓய்ந்ததும் தைப் பட்டம். மழையில் கரைந்த சத்தை ஈடுகட்ட எரு வேண்டும். நாற்றும் நாட்டு விதையும் வேண்டியவர்கள் வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போகலாம். புறா, பழைய இரும்பு, உடைந்த நாற்காலி எல்லாவற்றுக்கும் நடுவே செடி விற்பவர்களும் உட்கார்ந்திருப்பார்கள். கொத்தவரை, வெண்டை, தண்டுக்கீரை, பாகல் எல்லாம் வெயில் தாங்குபவை. ஜனவரியில் போட்டால் அக்னி நட்சத்திரத்துக்கு முன் பெரும்பாலும் எடுத்துவிடலாம். பந்தலில் ஏறிய பாகல் மட்டும் மே மாதத்திலும் காய்த்துக்கொண்டிருக்கும். அப்போது ஆழ்துளைக் கிணறு வற்றி லாரித் தண்ணீர் வரத் தொடங்கியிருக்கும், பள்ளிக்கூடம் விட்டிருக்கும், தோட்டத்துக்காரர்களில் பாதிப் பேர் திருநெல்வேலிக்கோ கும்பகோணத்துக்கோ டிக்கெட் எடுத்திருப்பார்கள். மே மாதத் தண்ணீர் முறைப் பட்டியலைத் தை மாதத்திலேயே, விதை வாங்குவதற்கு முன், பெயரோடு எழுதி மாடிக் கதவில் ஒட்டிவிடுவது உத்தமம்.